கேட்கப் பழகிய பிள்ளையைக் காத்திருக்கப் பழக்குவது: திருகோணமலை அனுபவங்கள்

உப்புவெளி, விசேட கல்வி ஆசிரியை:

வாயால் கேட்கத் தெரியாமல் அடித்தும் கடித்தும் கேட்ட பிள்ளை, கேட்பதற்கென்று கொடுத்த அட்டையை நீட்டி "போன் தாங்கோ" என்று கேட்கப் பழகினால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். பிறகு அட்டை நிமிசத்துக்கு ஒருக்கா வரும். தேங்காய் துருவிக்கொண்டிருக்கிற அம்மா "பிறகு தாறன்" என்பா. அந்தப் "பிறகு" எப்ப முடியும் என்று பிள்ளைக்குத் தெரியாது. அட்டை பலிக்காவிட்டால் பழைய அடி திரும்பி வரும். பயிற்சி பெரும்பாலும் கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

எப்ப கிடைக்கும், எப்ப கிடைக்காது என்பதைக் கண்ணுக்குக் காட்டுங்கோ. இதற்கு வேறொரு அட்டை வேணும்: உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு, லமினேற் பண்ணிப் பிள்ளையின் கண்மட்டத்தில் தொங்கவிட வேணும். பச்சையில் ஒவ்வொரு முறை கேட்டதும் உடனே 20–30 விநாடி போன். சிவப்பில் எத்தனை தரம் கேட்டாலும் இல்லை. ஹேன்லி, இவாட்டா, தொம்சன் என்ற நடத்தை ஆய்வாளர்கள் மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கிடைக்கும் நேரம் 45 விநாடி, கிடைக்காத நேரம் 15 விநாடி என்று தொடங்கி, கிடைக்கும் நேரம் 60, கிடைக்காத நேரம் 240 விநாடி வரை படிப்படியாகப் போனார்கள். வீட்டிலும் அந்த 15 விநாடிச் சிவப்பில் தொடங்குங்கோ. முதல் நாளே ஐந்து நிமிசம் சிவப்பு வைத்த வீடுகளில்தான் "இது சரிவராது" என்ற பேச்சு வருகிறது.

சிவப்பு நேரம் முடிந்து ரைமர் ஒலிக்கிறபோது பிள்ளை அடித்துக்கொண்டிருந்தால் உடனே பச்சைக்குத் திருப்பாதேங்கோ. சில விநாடி அடங்கிய பிறகு திருப்புங்கோ. இல்லாவிட்டால் அடித்ததால்தான் பச்சை வந்தது என்று பிள்ளை படித்துவிடும்.

நிலாவெளி, வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பவர்:

ரீச்சர் சொன்னது பொருள் கேட்கிற பிள்ளைக்கு. பாடத்திலிருந்து தப்ப அடிக்கிற பிள்ளைக்கு வேலையைக் கூட்டுகிற முறை நல்லது. முதலில் ஒரு எழுத்து எழுதினதும் "ஓய்வு" அட்டை, 30 விநாடி ஓய்வு. பிறகு இரண்டு எழுத்து, நாலு, ஆறு. பலரும் வேலையைக் கூட்டுவார்கள், ஓய்வைக் கூட்ட மாட்டார்கள். பத்து எழுத்துக்கும் அதே 30 விநாடி என்றால் பிள்ளை ஏன் எழுதும்? இரண்டு மூன்று நிமிசமாவது கொடுக்க வேணும்.

கொப்பியில் இரண்டு எண்ணிக்கை போதும்: எத்தனை அடி, சிவப்பில் எத்தனை தரம் கேட்கிற அட்டையை நீட்டியது. பயிற்சிக்கு முன் இருந்த அடி ஐந்தில் ஒன்றாகக் குறைந்து, அடுத்தடுத்த இரண்டு அமர்விலும் அப்படியே நின்றால் ஒரு படி ஏறலாம், அதாவது சிவப்பையோ வேலையையோ கொஞ்சம் கூட்டலாம். இரண்டு அமர்வு கெட்டால் கடைசியாகச் சரிவந்த படிக்கு இறங்குங்கோ, தொடக்கத்துக்குப் போகத் தேவையில்லை. பச்சையிலும் கேட்கிற அட்டை வராமல் போனால் அதை முன்னேற்றம் என்று எண்ணாதேங்கோ. கேட்பதையே பிள்ளை கைவிடுகிறது. உடனே இறங்க வேணும்.

திருகோணமலை நகர், பேச்சுப் பயிற்சியாளர்:

சிவப்பு நேரத்தைச் சும்மா விடாதேங்கோ. சிப்பி அடுக்குவது, தண்ணி ஊற்றி விளையாடுவது என்று பிள்ளைக்குப் பிடித்த வேறொன்று கைக்கெட்ட இருந்தால் நீண்ட சிவப்பையும் தாங்கும். தண்ணித் தாகம், கக்கூஸ், வலி, இந்த மூன்றுக்கும் சிவப்பே கிடையாது.

அம்மம்மா அழுகையைப் பார்க்க முடியாமல் சிவப்பில் போனைக் கொடுத்துவிடுகிற வீடு அனேகம். அவவைக் குறைசொல்லிப் பயனில்லை. அழுதால் எப்போதாவது கிடைக்கும் என்று ஆனபிறகு அழுகை இன்னும் நீளும். அதனால், தாங்க முடியாது என்று தெரிந்த நேரத்தில், விருந்தாளி வந்திருக்கையில் அல்லது பிள்ளை நித்திரை கொள்ளாத நாளில், சிவப்பையே போடாதேங்கோ.

வெளியில் போனால் அட்டைக்குப் பதிலாகக் கையில் பச்சை, சிவப்பு றப்பர் வளையல். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டை மான்களைக் கண்டதும் நிற்க வேணும் என்கிற பிள்ளைக்கு, ஏறும்போது சிவப்பு, இறங்கும்போது பச்சை. ஆனால் வீட்டில் இரண்டு நிமிசச் சிவப்பையே பிள்ளை தாண்டவில்லை என்றால், ஏறும்போதே மான் பார்க்க விடுங்கோ.

தலையைச் சுவரில் மோதுகிற பிள்ளைக்கு இதை வீட்டார் தனியே செய்யக்கூடாது. முதலில் வைத்தியரிடம் காது, பல் காட்டி, பிறகு பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் நேரத்தைக் கூட்டுங்கோ.