டி.எல்.எஸ். (ட்யூமர் லைசிஸ் சிண்ட்ரோம்): புற்றுநோய்க் கட்டி வேகமாகக் கரைந்தபோது நடந்தவை – அனுபவப் பகிர்வு

மூத்தமகள்:
அப்பாவுக்கு பர்கிட் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். கீமோ தொடங்கிய மறுநாளே கழுத்துக் கட்டி பாதி வற்றிவிட்டது. பார்க்க வந்தவர்களையெல்லாம் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அன்று சாயங்காலம் நர்ஸ் பிரஷர் பார்க்கப் பட்டையைக் கட்டிக் காற்றடித்ததும், அப்பாவின் கை தானாக மடங்கியது. மணிக்கட்டு வளைந்து, விரல்கள் குவிந்து, கட்டைவிரல் உள்ளே போய் விறைத்து நின்றது. "என்னம்மா இது, விட மாட்டேங்குது" என்று அப்பா சிரித்தார். நர்ஸ் சிரிக்கவில்லை. பட்டையை அவிழ்த்துவிட்டு ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருந்தது, பொட்டாசியம் 6.8 என்று ஆபத்தாக ஏறியிருந்தது. இரவே டயாலிசிஸ். பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் டோஸைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

இரவுப்பணி:
டோஸ் காரணமில்லை, மூத்தமகள். பர்கிட் மாதிரி வேகமாக வளரும் கட்டியில் சரியான டோஸே இதைச் செய்யும். மருந்து வேலை செய்ததால்தான் செல்கள் மொத்தமாக உடைந்தன. உள்ளே இருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ரத்தத்தில் கொட்டும், டிஎன்ஏ சிதைந்து யூரிக் அமிலமாகும். பாஸ்பேட் போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் குறைந்தால் தசை இழுக்கும், அதுதான் உங்கள் அப்பாவின் கை.

எனக்கு மறக்காதது வேறு. ஒரு சிறுவனுக்கு, யூரிக் அமிலத்தை உடைக்கும் ரஸ்புரிகேஸ் மருந்து போட்டிருந்தோம். யூரிக் அமிலம் 1க்கும் கீழே என்று ரிப்போர்ட் வந்தது. வார்டே நிம்மதியாகிவிட்டது. சீனியர் டாக்டர் மட்டும் "ஐஸில் வைத்தா அனுப்பினார்கள்?" என்று கேட்டார். இல்லை. அந்த மருந்து ட்யூபுக்குள்ளும் யூரிக் அமிலத்தை உடைத்துக்கொண்டே இருக்கும், லேபுக்குப் போவதற்குள் எண் பொய்யாகிவிடும். மறுபடி எடுத்து ஐஸில் அனுப்பினால் எண் எகிறியிருந்தது. படுக்கையோரம் தொங்கிய சிறுநீர் சேகரிப்புப் பையில் அதற்குள் வரத்தே நின்றுபோயிருந்தது.

பயிற்சிமருத்துவன்:
கீமோவே இல்லாமல் வந்ததைப் பார்த்திருக்கிறேன். மூச்சு இரைக்கிறது என்று வேறெங்கோ ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பிய இளைஞர். நெஞ்சுக்குள் லிம்ஃபோமா கட்டி இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த வகைக்கு ஸ்டீராய்டே பாதி கீமோ, கட்டியின் செல்களை உடைத்துவிடும். என்னிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தார், இதய மானிட்டரில் டி அலை கூராக எழும்பிக்கொண்டே போனது, பொட்டாசியம் ஏறுவதன் அடையாளம் அது. இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட், அப்புறம் பொட்டாசியத்தை இறக்கக் குளுக்கோஸோடு இன்சுலின். ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் எனக்கு வேறு யூனிட். அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

பேரன்2:
எங்கள் தாத்தாவுக்கு சிஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோய், அதற்கு வெனிடோக்ளாக்ஸ் மாத்திரை. முதல் மாத்திரைக்கு அப்புறம் பாஸ்பேட் கொஞ்சம் ஏறியது, அடுத்த மாத்திரையை ஒரு நாள் தள்ளினார்கள், இறங்கிவிட்டது. அவ்வளவுதான் கதை. ஆனால் இதைப் படிப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியே ஆக வேண்டும். முதல் வாரம் 20 மில்லிகிராம், பிறகு வாரம் ஒரு படியாக 50, 100, 200, 400 என்று ஏற்றுவது இந்த ஆபத்துக்குப் பயந்துதான். "சின்ன மாத்திரைதானே" என்று படியைத் தாண்டாதீர்கள். தொடங்க இரண்டு நாள் முன்பிருந்தே தினம் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர். அலோபுரினால் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள், அது புது யூரிக் அமிலம் உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கனவே இருப்பதைக் கரைக்காது, அதனால் முன்கூட்டியே தொடங்கணும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அதை வீட்டிலிருந்து தூக்கிப் போடுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்ன நேரத்துக்குப் போங்கள், மாத்திரை போட்ட 6 முதல் 8 மணி நேரத்துக்குள் ஒன்று, 24 மணியில் ஒன்று. நெஞ்சு படபடத்தாலோ, கை கால் இழுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். கால்சியம் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோடா பைகார்பனேட் ட்ரிப்ஸும் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள், யூரிக் அமிலம் நன்றாகக் கரையும்.

இரவுப்பணி:
பேரன்2, கடைசி இரண்டும் வேண்டாம். பாஸ்பேட் ஏறியிருக்கும்போது கால்சியத்தை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தில் படியும். இழுப்போ இதயத் துடிப்பில் கோளாறோ இருந்தால்தான் டாக்டர் கொடுப்பார். பைகார்பனேட்டும் முன்பு எல்லோருக்கும் ஏற்றியதுதான், அதே படிவுப் பயத்தால் இப்போது வழக்கமாகக் கொடுப்பதில்லை. தண்ணீர்க் கணக்கும் இதயம் பலவீனமானவருக்கு வேறு, அவர் டாக்டரிடம் கேட்டுக் குடிக்கட்டும்.

ரஸ்புரிகேஸ் போடுவதாகச் சொன்னால் ஜி6பிடி பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் சிவப்பணுக்கள் உடையும், அவர்களுக்கு இதைப் போடவே கூடாது. கேட்டதற்காக எந்த டாக்டரும் எங்கள் வார்டில் கோபப்பட்டதில்லை, ஒருவரைத் தவிர.