அலமாரி கோணல் என்பதற்காகப் பத்து லட்சம் குறைத்துக் கேட்கலாமா?

வாடகைவீட்டுக்காரி
நங்கநல்லூரில் ஒரு மறுவிற்பனை வீடு பார்த்திருக்கிறோம். 1997இல் கட்டியது, இரண்டாவது தளம், 850 சதுர அடி, பிரிபடாத பாகம் (மனையில் நம் பங்கு) 420 சதுர அடி. உரிமையாளர் 68 லட்சம் சொல்கிறார். வெளிச்சம், தண்ணீர், பத்திரம் எல்லாம் சரி. அலமாரிகள்தான் சிக்கல்.

படுக்கையறைச் சுவர் அலமாரி, அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கதவைச் சாத்தினால்தான் அதைத் திறக்க முடியும். உள்ளே கடப்பா கல் தட்டுகள், ஆழம் 16 அங்குலம். சட்டையை ஹேங்கரில் மாட்டினால் தோள்பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு அறையில் அலமாரியின் மேல்பாதியை உத்திரம் விழுங்கிவிட்டது. கூடத்துப் பூஜை அலமாரி கழிப்பறைக் கதவைப் பார்த்தபடி நிற்கிறது. மாமியார் அதைப் பார்த்ததும் பேசாமல் படியிறங்கிவிட்டார்.

58 லட்சத்துக்குக் கேட்போம் என்கிறார் கணவர். எனக்கு வாய் வரவில்லை.

பழையபத்திரம்
வராததே நல்லது. என் தந்தை இருந்த வீட்டைச் சென்ற ஆண்டு விற்றவன் நான். வந்தவர்கள் எல்லாம் குழாய் சரியில்லை, ஜன்னல் சிறியது என்று ஆளுக்கொரு குறை சொல்லி ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று வெட்டினார்கள். அவர்கள் வெளியே போனதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "முப்பது வருடம் நாம் இங்கே எப்படி இருந்தோம்?"

தச்சரை வைத்து மூன்று அலமாரியையும் மாற்ற எவ்வளவு ஆகும்? இரண்டரை, மூன்று லட்சம். அதற்குப் பத்து லட்சம் கழிப்பது என்ன நியாயம்? பழைய அடுக்குமாடியில் நீங்கள் வாங்குவது மனையில் 420 சதுர அடி. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அன்றைக்குக் கடப்பா கல் எங்கே இருக்கும்?

கணக்குப்பிள்ளை
அம்மாவின் வருத்தம் புரிகிறது ஐயா. ஆனால் நாளைக்கு இடிக்கப்போகும் கட்டடத்தைக் காட்டி, இன்றைக்குச் சேலையை எங்கே வைப்பது என்ற கேள்வியைத் தள்ள முடியாது.

சகோதரி, ஒரு கணக்கு. இந்த விலையில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதமும் உங்கள் கையிலிருந்து. 68 லட்சத்துக்கு வாங்கினால் கைப்பணம் 19.72 லட்சம். 58க்கு வாங்கினால் 16.82 லட்சம். விலையில் பத்து லட்சம் குறைந்தும் கையில் மிஞ்சுவது 2.90 லட்சம்தான். தச்சர் கூலியோ முழுக்க ரொக்கம். ஆகவே மூன்று லட்சம் வேலைக்கு மூன்று லட்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்பது வாங்குகிறவருக்குப் பொருந்தாது. 58 கேளுங்கள்.

பழையபத்திரம்
உங்கள் கையில் ரொக்கம் இல்லை என்பதற்கு விற்கிறவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்? கடனிலும் எட்டு லட்சம் குறைகிறதே, இருபது வருட வட்டியோடு. அதைக் கணக்கில் காணோம்.

கணக்குப்பிள்ளை
அது சரி. நான் சொன்னது முதல் ஆறு மாதத்துக் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடும்பங்கள் தடுமாறுவது அந்த ஆறு மாதத்தில்தான்.

இன்னொன்று: கேட்பதற்கு முன் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலையைப் பாருங்கள். விலை அதைவிடக் குறைந்தால் முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்புக்குத்தான். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், வித்தியாசத்தை வருமான வரித் துறை உங்கள் வருமானமாகவே எடுத்துக்கொள்ளும். பேரத்தில் ஜெயித்து வரியில் தோற்றவர்கள் உண்டு.

கொத்தனார்மகன்
இருவரும் அலமாரிக்கு முன்னால் நின்று சண்டை போடுகிறீர்கள். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. படுக்கையறை அலமாரியின் பின்சுவர் குளியலறைச் சுவரா?

வாடகைவீட்டுக்காரி
ஆமாம். உள்ளே செய்தித்தாள் விரித்திருந்தார்கள், கீழ்த்தட்டில் மட்டும்.

கொத்தனார்மகன்
அதைத்தான் நினைத்தேன். அந்தக் காலத்தில் குளியலறைக்கும் அலமாரிக்கும் நடுவே நாலரை அங்குலச் செங்கல் சுவர்தான் எழுப்புவார்கள். தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு தேய்ந்துவிட்டால் ஓதம் நேரே துணிக்கு வரும். தாளை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, சுண்ணாம்பு உப்பாகப் பூத்து உதிர்ந்தாலோ, அது அலமாரிக் குறை இல்லை. குளியலறைத் தரையையே கொத்தி மறுபடி போட வேண்டும். கீழ்வீட்டுக் கூரையையும் பாருங்கள்; கசிவு இருந்தால் அவர்களோடு வம்பும் சேர்ந்து வரும்.

ஆழம் பற்றி: பரணை உடைத்து உயரமாக அலமாரி செய்யலாம் என்று தச்சர் சொல்வார். ஜன்னல் மேல் சுவரைத் தாங்கும் லிண்டலோடு சேர்த்து வார்த்த பரண் என்றால் கண்டபடி சுத்தியல் போடக் கூடாது. உத்திரத்தைத் தொடவே கூடாது. கடப்பா கல்லை மட்டும் எடுத்துவிட்டு, எட்டு அங்குலம் முன்னால் இழுத்துச் சட்டம் அடித்தால் ஹேங்கர் அடங்கும். ஆனால் அறைக் கதவு அதில் இடிக்கும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற வேண்டும். அது ஒரு நாள் வேலை.

பூஜை அலமாரிக்கு நான் பொறுப்பில்லை. ஒரு திரை போடுங்கள்.

பழையபத்திரம்
ஓதம் இருந்தால் குறைக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஹேங்கர் நுழையவில்லை என்பதற்குப் பத்து லட்சம் என்பதைத்தான் மறுத்தேன்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் குறைந்த விலை கேட்பது தப்பில்லை, காரணம் சொல்லாமல் கேட்பதுதான் தப்பு என்கிறீர்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

பழையபத்திரம்
நீங்கள் வட்டியை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

வாடகைவீட்டுக்காரி
நான்கு நாள் கழித்து வருகிறேன். தாளை எடுத்துப் பார்த்தோம். கீழ்த்தட்டுக்குப் பின்னால் சுவர் வெள்ளையாகப் பூத்திருந்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. குடியிருப்பவர் மாதம் ஒரு முறை தாள் மாற்றுவாராம். கீழ்வீட்டில் கசிவு இல்லை. அந்த வீட்டு அம்மா காபி கொடுத்து, குளியலறைக்கு நேர் கீழே பரண் முழுவதையும் காட்டினார்.

58 என்று கேட்கவில்லை. குளியலறைத் தரைக்கும் சுவருக்கும் கொத்தனார் எழுதிக் கொடுத்த தொகை 1.80 லட்சம், அலமாரிக்குத் தச்சர் எழுதியது 2.40 லட்சம். இரண்டு தாளையும் மேசையில் வைத்து 62 என்றார் கணவர். உரிமையாளர், பெரியவர், கோபப்படவில்லை. தச்சர் தாளை மட்டும் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். "இது உங்கள் சட்டைக்கு, என் வேட்டி இருபத்தைந்து வருடம் அதிலேதான் இருந்தது" என்றார். கொத்தனார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகனிடம் பேசிவிட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பழையபத்திரம்
65க்கு முடியும். அதற்கு மேல் போகாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
64.

கொத்தனார்மகன்
எத்தனைக்கு முடிந்தாலும், தச்சரை அழைப்பதற்கு முன் தரை வேலையை முடித்து, குளியலறையில் மூன்று நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். ஈரச் சுவரில் பலகை அடித்தால் அடுத்த மழைக்குக் கரையான் குடியேறிவிடும்.