புதுப்பிப்பு: துணித்துண்டு வளையம் இப்போது தொய்வதில்லை

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. தையல்கடை வெட்டுத்துணியை முடிச்சுப் போட்டு வாசல் கதவுக்கு அலங்கார வளையம் செய்தால், கம்பி முட்டை வடிவில் தொய்கிறது, முடிச்சுகள் கீழே சரிந்து குவிகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

முதலில் கம்பியை இரட்டையாக முறுக்கிப் பார்த்தேன். பயனில்லை. கைகொடுத்தது, எம்பிராய்டரி மரவளையத்தில் பருத்தி நாடாவை இறுக்கிச் சுற்றிவிட்டு அதன்மேல் முடிச்சுப் போடச் சொன்ன யோசனைதான். துணியைத் துணி பிடித்துக்கொள்வதால் முடிச்சு நகரவே இல்லை. 10 அங்குல வளையத்துக்கு 6 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் ஏறக்குறைய 180 துண்டுகள் பிடித்தன. விரல்தான் பாவம்!

பட்டுத் துண்டுகள் நூல் பிரிந்தன. ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டியதும் ஓரளவு அடங்கின.

எதிர்பாராத ஒன்று: விறைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சி போட்டேன். சிவப்புச் சுங்குடியின் சாயம் இறங்கி, பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. அம்மாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம். நீங்கள் செய்தால் புதுச் சாயத்துணியைத் தனியாக அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.