நீல டரான்டுலா இரை எடுக்கவில்லை: இப்போது பெட்டி மாற்றலாமா?

பொசிலோதீரியா மெட்டாலிக்கா என்ற இந்த நீலச் சிலந்தியை வளர்ப்பவர்களின் யோசனை தேவை (1899இல் ஆந்திரத்தின் குத்தி என்ற ஊரிலிருந்து அறிவியலில் முதலில் விவரிக்கப்பட்ட இனம்).

வளர்ப்பில் பிறந்த குட்டி, கால் விரிவு 5 செ.மீ. மூன்று வாரமாகச் சுவர்க்கோழிப் பூச்சியைத் தொடவில்லை. வயிறு உப்பிப் பளபளக்கிறது, கால்களின் நீலம் மங்கியிருக்கிறது. அந்த நீலம் நிறமியல்ல, மயிரின் நுண்ணமைப்பால் வருவது. பழைய மயிர் தேய்ந்தால் மங்கும், தோலுரித்ததும் திரும்பும். ஆகவே நோயல்ல, தோலுரிப்புக்கு முந்தைய நிலை என்பதே என் கணிப்பு. உயிருள்ள இரையை உள்ளே விட்டுவைக்கவில்லை, தோலுரிக்கும்போது அது சிலந்தியைக் கடித்துவிடும்.

சிக்கல் பெட்டியில்தான். 12 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், அடியில் 6 செ.மீ. தேங்காய் நார்த்தூள், செங்குத்தாக ஒரு கார்க் பட்டை, தண்ணீர்க் கிண்ணம், 25 டிகிரி. துளைகள் மூடியில் மட்டும். காற்று தேங்கிச் சுவரில் நீர் கோக்கிறது, பட்டையின் அடியில் பூஞ்சை.

இப்போதே பக்கவாட்டில் துளையுள்ள பெட்டிக்கு மாற்றுவதா, தோலுரித்து நச்சுப்பற்கள் கறுத்து இறுகும்வரை பொறுப்பதா? தூள் மேற்பரப்பை உலரவிட்டு ஒரு மூலையை மட்டும் நனைத்தால் அதுவரை தாங்குமா?

மாற்றும்போது பட்டையோடு தூக்குகிறீர்களா, குவளையால் மூடிப் பிடிக்கிறீர்களா? மின்னலாக ஓடும் இனம், கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீளலாம். கையால் தள்ளச் சொல்பவர்கள் தயவுசெய்து கடந்து போகவும்.