அப்பத்தா மாத்திரை போடாத அன்னிக்கு யார் என்ன செய்வாங்க?

என் மாமியாருக்குச் சர்க்கரை. மாத்திரை போட மாட்டார். நான் சத்தம் போடுவேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், சர்க்கரை ஏறும், மறுபடியும் சத்தம். வீட்டோடு போய்க் குடும்ப ஆலோசகரைப் பாருங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ஆலோசகர் அம்மா, "ஏன் மாத்திரை போடுவதில்லை?" என்று அத்தையிடம் கேட்கவே இல்லை. என் மகளிடம் திரும்பினார். "அப்பத்தா மாத்திரை போடாத அன்னிக்கு வீட்ல யார் யார் என்ன செய்வாங்க?"

"அம்மா கத்துவாங்க. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவாங்க. துபாய்ச் சித்தப்பா தினமும் வீடியோ கால்ல வருவாங்க."

"சர்க்கரை சரியா இருந்தா?"

"அப்போ வரமாட்டாங்க."

அத்தை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "அவன் பேசினா அம்மாவுக்குத் தெம்பு" என்றார் என் கணவர். அடுத்த கேள்வி அவருக்குத்தான்: "மாத்திரைப் பொறுப்பை உங்க மனைவி ஒரு மாசம் விட்டுட்டா, முதல்ல பதறப்போறது யாரு? அதுக்கடுத்து?" கொஞ்சம் யோசித்து, "நான்தான்" என்றார்.

இதற்கு வட்டக் கேள்விகள் என்று பெயர். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பது. இத்தாலியின் மிலான் நகரில் செல்வினி பலாட்ஸோலி, போஸ்கோலோ, செக்கின், ப்ராடா என்ற குடும்பச் சிகிச்சையாளர்கள் நால்வரும் வளர்த்தெடுத்த முறை. 1980-இல் வெளிவந்த அவர்களது கட்டுரை ஊகம், வட்டத்தன்மை, நடுநிலை என்ற மூன்றையும் ஆலோசகருக்கு வழிகாட்டியாக முன்வைத்தது. கனடா மனநல மருத்துவர் கார்ல் டாம் பின்னால் இன்னும் ஒரு படி போய், கேட்கிற ஒவ்வொரு கேள்வியுமே சிகிச்சைதான் என்றார். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அறிவுரை என்று ஒரு வரிகூட அந்த அம்மா சொல்லவில்லை.

இப்போது மாத்திரை கணவர் கையில். அத்தைக்குச் சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் கொழுந்தனார் வாரத்தின் நடுவிலும் ஞாயிறும் பேசுகிறார். சர்க்கரை முழுக்க அடங்கிவிடவில்லை, ஆனால் சண்டை நன்றாகவே அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடிதடி இருக்கிற வீட்டில் "எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு" என்று எந்த ஆலோசகராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லோருக்கும் பங்கு என்றால் அடிக்கிறவரின் பொறுப்பு மறைந்துபோகாதா என்று 1980-களிலேயே பெண்ணியச் சிகிச்சையாளர்கள் இந்த முறையை நோக்கிக் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அடிக்கிறவர்தான் அடிக்குப் பொறுப்பு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது அடிவாங்குகிறவரின் பாதுகாப்பை.