நேரில் போகவா, திரையிலேயே பேசவா? அமெரிக்க ரெசிடென்சி இன்டர்வியூ பற்றி ஒரு கேள்வி

நெல்லைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். 2022இல் எம்.பி.பி.எஸ். முடித்தேன். அமெரிக்காவில் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனை மேற்பயிற்சி, எடுக்க ஆசை. டாக்டர்களையும் பயிற்சி இடங்களையும் இணைக்கும் இந்த வருட மேட்ச்சில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) கேட்டிருக்கிறேன். நான்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. மூன்று ஜூமில். நான்காவது இடத்தில் மட்டும் "நேரிலும் வரலாம், திரையிலும் பேசலாம், உங்கள் விருப்பம்" என்று எழுதியிருக்கிறார்கள். விசா கையில் இருக்கிறது, அப்சர்வர்ஷிப்புக்கு (அங்கே டாக்டர்களோடு நின்று பார்த்துக் கற்க) எடுத்தது. டிக்கெட்டுக்குத்தான் பணம் இல்லை. நகையை அடகு வைத்தாவது போய் வா என்கிறார் அப்பா. நேரில் போய் உட்கார்ந்து பேசியவர்கள் மனதில் நிற்பார்கள், நான் நிற்பேனா? என் உச்சரிப்பும் பின்னால் தெரிகிற காரை பெயர்ந்த சுவரும் என்னைக் கீழே இறக்கிவிடுமா?

டெட்ராய்ட் அக்கா:
தங்கச்சி, நகையை வைக்க வேண்டாம். 2016இல் நான் இன்டர்வியூவுக்கு அலைந்தபோது கிரேஹவுண்ட் பஸ்ஸில் தூங்கி, பஸ் நிலையக் கழிவறையில் சேலை மாதிரி கசங்கிப் போன கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். காசில்லாமல் இரண்டு அழைப்புகளை வேண்டாம் என்று எழுதினேன். அந்த வலி இன்னும் இருக்கிறது. அதற்கு முன்பே, நோயாளியைப் பார்ப்பது போல் செய்து காட்டும் ஸ்டெப் 2 சி.எஸ். தேர்வுக்கு என்று சிகாகோவுக்கு ஒரு தடவை வந்து போயிருந்தேன். 2021இல் அந்தத் தேர்வையே நிறுத்திவிட்டார்கள், நல்லதாயிற்று.

இப்போது நான் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். அமெரிக்க மருத்துவர்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 6 விழுக்காடுதான், மக்கள்தொகையில் அவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பயணச் செலவாலேயே பாதியில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். 2020இல் கொரோனாவால் எல்லாமே திரைக்கு வந்த பிறகு அந்தத் தடை இல்லை.

ஆனால் திரை வந்தால் மட்டும் போதாது. எங்கள் குழுவில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள். பேட்டி எடுப்பவருக்குத் தேர்வு மதிப்பெண் தெரியாது. குழுவில் பேசுவதற்கு முன்பே அவரவர் புள்ளியை எழுதிவிட வேண்டும். பின்னணியை மங்கலாக்கச் சொல்லி எல்லாரிடமும் கேட்கிறோம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி.யும், ஒரு ப்ரோக்ராம் (பயிற்சி தரும் இடம்) எல்லாரையும் ஒரே முறையில் பார்க்கட்டும், கலக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. "உங்கள் விருப்பம்" என்றால் காசுள்ளவர் விருப்பம் என்றுதான் ஆகும். நேரில் வராதவர்களை எப்படி மதிப்பிடுவீர்கள் என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

நைட் ஷிஃப்ட்:
அக்கா சொன்னது சரி. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பயணம் இல்லை என்றானதும் நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் வந்த அழைப்பையெல்லாம் ஏற்றுக்கொண்டார்கள். நம்மைப் போல வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மிச்சம் குறைந்தது. அதற்காகத்தான் சிக்னல் முறை வந்தது, எந்த இடங்களை உண்மையிலேயே விரும்புகிறோம் என்று விண்ணப்பத்திலேயே காட்டுவது. இன்டர்னல் மெடிசினில் மிகவும் விரும்பும் இடங்களுக்குத் தங்கம் 3, அடுத்தவற்றுக்கு வெள்ளி 12 என்று வைத்தார்கள்.

நான் 2021இல் ஊரைப் பார்க்காமலே சேர்ந்தவன். இணையதளத்தில் பல நிற முகங்களோடு ஒரு படம் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது அதில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். வார்டில் நோயாளிகள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், என் பேட்ச்சில் ஒருவர்கூட இல்லை. எனவே கேளுங்கள்: கடைசி மூன்று பேட்ச்சில் யார் யார் சேர்ந்தார்கள், யாராவது பாதியில் விலகினார்களா? ரெசிடென்ட்களிடம் பேராசிரியர்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

டெட்ராய்ட் அக்கா:
ஒன்றை மறந்துவிட்டேன். நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரம் மாறும். கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் அதுவரை உங்களுக்கு மாலை 6.30, அப்புறம் 7.30. கரண்ட் போனால் சமாளிக்க மொபைல் டேட்டாவைத் தயாராக வையுங்கள்.

நெல்லைக்காரி:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. எப்படி வந்தாலும் ஜூம்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இன்று காலையில் சுண்ணாம்பு வாங்கி வந்து அந்தச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்.