மறு: வாம்பயர் என்பதற்குத் தமிழ்ச்சொல் – உயிருண்ணி

அன்புடையீர், வணக்கம்.

'கேப்டன் குரோனோஸ் – வாம்பயர் ஹன்டர்' என்னும் பழைய பிரிட்டிஷ் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் நண்பர், தலைப்பிலுள்ள வாம்பயருக்கு (கல்லறையிலிருந்து எழுந்து இரத்தம் குடிப்பதாக ஐரோப்பியக் கதைகளில் வரும் பேய்) 'இரத்தக் காட்டேரி' என்றே எழுதிவிடலாமா எனக் கேட்டிருந்தார். வேண்டாம் என்பதே என் கருத்து.

காட்டேரி நம் ஊர்களில் கும்பிடப்படும் தெய்வம். பிள்ளைப்பேற்றின்போது அவளுக்கு அஞ்சிப் படையல் வைப்போர் உண்டு. கரும்புத் தோட்ட வேலைக்காகக் கயானாவுக்குக் கப்பலேறியவர்கள் அவளையும் உடன் கொண்டுபோனார்கள், அங்கே அவள் வழிபாடு இன்றும் இருக்கிறது. ஒருவர் கும்பிடும் பெயரை, கல்லறையிலிருந்து எழுந்துவரும் ஐரோப்பியப் பிணத்துக்குச் சூட்டுவது முறையன்று. வேதாளமும் பொருந்தாது. ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் விக்கிரமாதித்தன் கதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது வேதாளத்தை வாம்பயர் ஆக்கினார். நம் வேதாளமோ கதை சொல்லிக் கேள்வி கேட்குமேயன்றி எவரையும் உறிஞ்சுவதில்லை. 'டிராகுலா' என்றும் எழுத முடியாது, அது நாவலில் வரும் ஒரு வாம்பயர் பாத்திரத்தின் பெயர், அவ்வளவே.

அடுத்து, குழுவில் பலர் ஆதரித்த 'குருதியுறிஞ்சி'. இதை மறுப்பதற்கு இந்தப் படமே சான்று. ஹாமர் திரைப்பட நிறுவனத்துக்காகப் பிரையன் கிளெமென்ஸ் எழுதி இயக்கி 1974இல் வெளிவந்த இதில், பறிபோவது இளமை. காட்டில் தாக்கப்படும் இளம்பெண்கள் தோல் சுருங்கிக் கிழவிகளாய்க் கிடக்கிறார்கள். வேட்டையாடும் விலங்குகளில் எத்தனை வகையோ அத்தனை வகை வாம்பயர்களிலும் உண்டு என்று பேராசிரியர் குரோஸ்ட் விளக்குகிறார். வாம்பயர் வேட்டைக்காரர் குரோனோஸின் நண்பர் மருத்துவர் மார்க்கஸ் வாம்பயராக மாறிவிடும்போது, நெஞ்சில் முளையடித்தும் தூக்கிலிட்டும் சாகாதவர், எஃகுச் சிலுவை தைத்த பிறகே சாகிறார். செத்த தேரைகளைப் பெட்டிகளில் இட்டுக் காட்டுவழியில் புதைத்து வைக்கும் காட்சியைக் கவனியுங்கள்: அந்த வழியே வாம்பயர் கடந்து சென்றிருந்தால் தேரை உயிர்பெற்றிருக்கும். இங்கே கைமாறுவது உயிர்தான். குருதி அதற்கு ஒரு வழி மட்டுமே.

ஆகவே 'உயிருண்ணி' என்பதை முன்மொழிகிறேன். 'கண்டார் உயிருண்ணும் தோற்றத்தால்' என்று வள்ளுவர் பெண்ணின் கண்ணைச் சொன்ன தொடர் நமக்குப் பழக்கமானது. படத்தில் பார்வையாலேயே மயக்கும் வாம்பயரான சீமாட்டி டர்வர்டை, பளபளக்கும் வாளைக் கண்ணாடியாக்கி அவள் பார்வையாலேயே குரோனோஸ் கட்டிப்போடும் இடத்தில் அந்தக் குறள் என் நினைவுக்கு வந்தது, சொல்லும் அங்கிருந்தே கிடைத்தது.

'உண்ணி' என்றால் மாட்டின் மேல் ஒட்டும் பூச்சிதானே என்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். ஊனுண்ணி, ஒட்டுண்ணி ஆகிய சொற்களைப் பாடநூல்களில் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் குழப்பம் நேராது என நம்புகிறேன். மேலும், இந்த ஈற்றை வைத்துக்கொண்டால் வகைகளையும் பிரித்துச் சொல்லலாம்: இந்தப் படத்தில் வருவது இளமையுண்ணி, இரத்தம் குடிப்பது குருதியுண்ணி, தென் அமெரிக்காவில் இரத்தம் குடித்து வாழும் வௌவால் குருதியுண்ணி வௌவால்.

தலைப்பை 'கேப்டன் குரோனோஸ்: உயிருண்ணி வேட்டைக்காரர்' என எழுதலாம். 'கேப்டன்' என்பதைப் படைத்தலைவர் என்று மாற்ற வேண்டுமா என்பதில் மட்டும் நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.